இசைவும் சொல்லும்: முதுநிலை உயிரறவியல் கல்வியில் மொழியின் இடம்

உயிரறவியல் இன்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் முதுநிலைப் பாடமாகப் பயிலப்பெறுகின்றது. மங்களூருவில் உள்ள யெனெப்போயா பல்கலைக்கழகத்தின் அறவியல் மையம் இத்துறையில் முதுநிலைப் படிப்புகளை நடத்திவருகின்றது. 1993இல் மும்பையில் தொடங்கப்பெற்று, இன்று ‘இந்திய மருத்துவ அறவியல் இதழ்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கும் ஏடு இத்துறையின் விவாதங்களுக்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் களமாக இருக்கின்றது. மருத்துவம், சட்டம், மெய்யியல், சமூகவியல் ஆகிய துறைகள் இக்கல்விக்குத் தத்தம் பங்கை அளித்துள்ளன. மொழித்துறைகள் அழைக்கப்பெறவில்லை, அவை தாமாகச் சென்று கதவைத் தட்டியதாகவும் தெரியவில்லை.

இது துறைசார்ந்த மனக்குறை அன்று. நோயாளி ஒருவர் தம் உடல்மேல் நிகழவிருப்பதை அறிந்து இசைந்தார் என்று எப்போது சொல்லலாம் என்பது உயிரறவியலின் முதன்மை வினாக்களுள் ஒன்று. அவ்வினா அடிப்படையில் சொல்லையும் பொருளையும் பற்றிய வினாவும் ஆகும். அதனை ஆங்கிலத்தில் தீர்த்துவிட்டு, படிவத்தை மட்டும் கடைசியில் மொழிபெயர்க்கக் கொடுப்பது நடைமுறைக் குறையாக மட்டும் அமையாமல் அறப்பிழையாகவே முடிகின்றது என்பதைச் சில சான்றுகளால் நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

துறையின் வரலாற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ஜெர்மானியராகிய ஃபிரிட்ஸ் யார் 1927இல் இச்சொல்லை ஆண்டார். 1970இல் அமெரிக்க அறிஞர் வான் ரென்சலர் பாட்டர் அதனைப் புதிதாக வழங்கினார். பாட்டர் கருதியது மனிதன், விலங்கு, மண், நீர் யாவற்றின் நிலைபேற்றையும் உள்ளடக்கிய வாழ்வறிவு. வகுப்பறையில் நிலைபெற்றதோ பெரிதும் மருத்துவமனையின் அறம். 1979இல் போஷம்ப், சில்ட்ரெஸ் ஆகிய இருவரும் எழுதிய உயிர்மருத்துவ அறவியல் நூல் தன்னாட்சி, தீங்கிழையாமை, நன்மை செய்தல், நீதி என்னும் நான்கு கொள்கைகளை வகுத்தது. முதுநிலை மாணவர் முதற்பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடும் நான்கு சொற்கள் இவை. இவற்றுள் ‘தன்னாட்சி’ தமிழ் வாசகர்க்கு மாநில உரிமையையோ கல்லூரி ஒன்றின் தகுதிநிலையையோதான் முதலில் நினைவூட்டும். தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுத்தல் என்னும் பொருளுக்கு அச்சொல் இன்னும் பழகவில்லை. தலைவாயிலிலேயே இடறும் சொல் அது.

அறிந்து இசைதல் என்னும் கோட்பாடு போரின் குற்றங்களிலிருந்து பிறந்தது. நாஜி மருத்துவர்கள்மீதான வழக்கின் தீர்ப்பில் 1947இல் அமைந்த நியூரம்பர்க் நெறித்தொகுப்பு, ஆய்வுக்கு உட்படுவோரின் தன்விருப்பான இசைவை முதல் விதியாக்கியது. 1964இல் உலக மருத்துவக் கழகம் ஹெல்சிங்கி அறிக்கையை ஏற்றது. அவ்வறிக்கை பலமுறை திருத்தப்பெற்றது. 2024 அக்டோபரில் ஏற்கப்பெற்ற திருத்தத்தில், அதுவரை ‘சப்ஜெக்ட்’ எனப்பட்டவர் ‘பங்கேற்பாளர்’ ஆனார். அறுபதாண்டுகள் பிடித்த சொல்மாற்றம் இது. ஆட்படுபவர் என்றும், ஆளப்படுபவர் என்றும், ஆய்பொருள் என்றும் பொருள்படும் ஒரு சொல்லை நீக்கி, உடன் நிற்பவர் என்னும் பொருளுடைய சொல்லை அங்கு வைத்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின் தலைப்பிலேயே ‘பங்கேற்பாளர்’ என்றுதான் குறித்தது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்தாய்வுகள் பற்றிய விதிகள் பழைய சொல்லையே ஆண்டன. ஒரே நாட்டில், ஒரே ஆய்வில் ஈடுபடும் ஒரே மனிதர், ஓர் ஆவணத்தில் பங்கேற்பவராகவும் மற்றோர் ஆவணத்தில் ஆட்படுபவராகவும் நிற்கிறார். சொல்லாய்வு செய்வோர்க்கு இது சிறு செய்தியன்று.

உரையாசிரியர் காட்டும் நோயாளி

இத்தகைய கட்டுரைகளில் இவ்விடத்திற்கு வந்ததும், ‘இவையனைத்தும் நம் முன்னோர் அன்றே கூறியவை’ எனத் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எடுத்துக்காட்டி மகிழ்வது மரபாகிவிட்டது. அம்மகிழ்ச்சியைச் சற்றே ஒத்திவைத்து நூலையும் உரையையும் நோக்குவது நன்று.

அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என நான்கு பகுதியாகக் காண்கின்றது. நோயாளியை முதலில் வைத்ததும், அருகிருந்து பார்த்துக்கொள்பவரை மருத்துவத்தின் உறுப்பாகவே எண்ணியதும் பாராட்டத்தக்கன. மருத்துவர், நோயாளி என்னும் இருவரை மட்டுமே காணும் இன்றைய அறவியல் பாடநூல்கள் செவிலியரையும் உடனுறையும் உறவினரையும் நெடுங்காலம் மறந்திருந்தன.

ஆயினும் பரிமேலழகர் இந்நான்கனையும் தனித்தனியே நந்நான்காக விரிக்குமிடத்து, நோயாளிக்குரியனவாகக் கூறுவன யாவை? பொருளுடைமை, மருத்துவன் வழிநிற்றல், நோய்நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியவை. வாக்படரின் அட்டாங்க இருதயம் நோயாளிக்குக் கூறும் நான்கு இயல்புகளோடு இவை ஒத்துச் செல்கின்றன. ஆகவே இது தமிழ் மரபு மட்டுமன்று. அக்கால மருத்துவ மரபின் பொதுவான நோக்கு எனலாம். இங்கு நோயாளி பணம் உடையவராக இருக்க வேண்டும். சொன்னபடி கேட்க வேண்டும். அவருக்கு வாய் உண்டு. ஆனால் அது தன் நோயைச் சொல்வதற்கே. முடிவைச் சொல்வதற்கு அன்று.

இக்காலக் கோட்பாடு செய்த மாற்றம் இங்குதான் துலங்குகின்றது. அன்று ‘உணர்த்தல்’ நோயாளியின் கடமை. இன்று அது மருத்துவரின் கடமை. உணர்த்துவாரும் உணர்வாரும் இடம்மாறி நிற்கின்றனர். பழைய உரையில் நமக்கு முன்னோடி கிடைக்கவில்லை. ஆனால் இடமாற்றத்தை அளந்தறியும் ஒரு கோல் கிடைக்கின்றது. முதுநிலை உயிரறவியல் மாணவர்க்கு நியூரம்பர்க் நெறியோடு இவ்வுரைப்பகுதியையும் சேர்த்துக் கற்பித்தால், முன்னோர் பெருமை பேசுவதினும் மிகுந்த பயன் விளையும்.

உணர்த்தும் கடமை மருத்துவரிடம் வந்தவுடன் எழும் வினா, எச்சொல்லால் உணர்த்துவது என்பதே.

நான்கு சொற்கள்

முதலாவது ‘பரிசோதனை’. ‘இரத்தப் பரிசோதனை’, ‘கண் பரிசோதனை முகாம்’ என்னும் தொடர்களில் இச்சொல், நோயாளியின் நன்மைக்காகச் செய்யப்படும் ஒன்றைக் குறிக்கின்றது. ஒரு மருந்து பயன் தருமா என்று இன்னும் தெரியாத நிலையில், அதனை அறிவதற்காக மனிதர்க்குக் கொடுத்துப் பார்ப்பதையும் நாளேடுகள் ‘மருந்துப் பரிசோதனை’ என்றே எழுதுகின்றன. முன்னதில் அறியப்படுவது நோயாளியின் உடல்நிலை. பின்னதில் அறியப்படுவது மருந்து. இரண்டையும் ஒரு சொல் மூடிவிடுகின்றது. ஆய்வில் சேர்ந்தவர் தமக்குச் சிகிச்சை நடப்பதாகவே எண்ணிக்கொள்ளும் மயக்கத்தைப் பால் ஆப்பெல்பாமும் அவருடன் பணிபுரிந்தோரும் 1982இல் பெயரிட்டு விளக்கினர். அமெரிக்காவில் அது கேட்பவரின் நம்பிக்கையில் எழும் மயக்கம். தமிழில் அது சொல்லுக்குள்ளேயே உறைகின்றது. 2021 ஜனவரியில் போபாலில் கொரோனாத் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வில் சேர்ந்தவர் சிலர், தடுப்பூசி போடுகிறார்கள் என்றே எண்ணிச் சென்றதாகவும் 750 ரூபாய் தரப்பட்டதாகவும் கூறினர். முறையாக விளக்கியே இசைவு பெற்றதாக ஆய்வை நடத்தியோர் மறுத்தனர். இருசாராரும் உண்மையே பேசியிருக்கக் கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

இரண்டாவது ‘போலி மருந்து’. மருந்தின் ஆற்றலை ஒப்பிட்டறிவதற்காக, மருந்து ஏதும் கலவாத மாத்திரையை ஒரு சாரார்க்குக் கொடுப்பர். அதனைப் ‘போலி மருந்து’ எனப் பெயர்த்தால் என்ன விளங்கும்? போலி மருத்துவர், போலிப் பத்திரம், போலி மருந்து விற்றவர் கைது ஆகிய செய்திகளை நாள்தோறும் படிப்பவர்க்கு அது மோசடியைத்தான் குறிக்கும். ‘உங்களுக்குப் போலி மருந்து தரப்படலாம்’ என்று படித்தபின் ஒருவர் எழுந்து போய்விட்டால் அவரைக் குறைகூற இயலாது. ‘மருந்துப்போலி’ எனச் சொல்லை முன்பின்னாக மாற்றி ஆள்வோரும் உளர். இலக்கணப்போலி, முதற்போலி, கடைப்போலி என்னும் வழக்குகளில் போலி என்பது வஞ்சகமன்று. ஒன்றனைப் போன்று அதன் இடத்தில் நிற்பது. இலக்கணம் பயின்றவர்க்கு மருந்துப்போலி உடனே விளங்கும். பயிலாதவர்க்கு விளங்குமா என்பது கேட்டறிய வேண்டிய ஒன்று. கேட்டறிதல் என்று கூறுவது வாய்மொழி வழக்காற்றை ஆய்வோர் செய்யும் களப்பணியையே.

மூன்றாவது ‘குலுக்கல்’. யாருக்கு எந்த மருந்து என்பதை எவரும் தீர்மானிக்காமல் தற்செயலுக்கு விடும் முறைக்கு இச்சொல் பயன்படுகின்றது. குலுக்கலில் ‘விழுவது’ பரிசு. புதிய மருந்துப் பிரிவில் விழுந்தவர் தம்மை நல்லூழுடையவர் என்றும், மற்றவர் தம்மை ஏமாந்தவர் என்றும் எண்ணும் வாய்ப்பைச் சொல்லே ஏற்படுத்திவிடுகின்றது. எந்த மருந்து சிறந்தது எனத் தெரியாமையே அம்முறையின் அறநியாயம். அத்தெரியாமை குலுக்கல் என்பதில் இல்லை.

நான்காவது, படிவத்தின் தலைப்பாகவே நிற்கும் ‘ஒப்புதல்’. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒப்புதல் வாக்குமூலமும் இச்சொல்லின் நெருங்கிய உறவுகள். ஒப்படைத்தல் இன்னொரு பக்கத்து உறவு. அறுவை அரங்கின் வாயிலில் நிற்கும் குடும்பத்தார் இப்படிவத்தில் கையெழுத்திடுகையில், ‘எது நடந்தாலும் எங்கள் பொறுப்பு’ என எழுதிக் கொடுப்பதாகவே எண்ணுகின்றனர். உரிமையைப் பெற்றுக்கொள்ளும் தாளாக அன்றி, உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளாகவே அதனை அறிகின்றனர். ‘இசைவு’ இவ்வகையில் மேலானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இசைதல் இருவருக்கு நடுவே நிகழ்வது. ஒருவர் மட்டும் இசைய இயலாது. ஆயின் வழக்கில் குன்றிய சொல் என்னும் குறை அதற்கு உண்டு.

தீர்ப்பும் கையெழுத்தும்

2008 ஜனவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இந்தியாவில் இசைவு பற்றிய சட்டத்தின் மூலக்கல்லாகக் கருதப்பெறுகின்றது. நோயறியும் பொருட்டு உட்கருவிச் சோதனைக்கு மட்டும் இசைந்திருந்த பெண் ஒருவருக்கு, அவர் மயக்கநிலையில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த தாயின் இசைவைப் பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பெற்றன. அகவை நிரம்பிய, தெளிந்த மனநிலையுடைய ஒருவருக்காகத் தாயேயாயினும் இசைவளிக்க இயலாது என்றும், நோயறியும் செயலுக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்த இசைவு ஆகாது என்றும் நீதிமன்றம் கூறியது. உயிருக்கு இடர் நேர்ந்த நெருக்கடியாயின் வேறு. அங்கு அந்நிலை இல்லை. இழப்பீடாக 25,000 ரூபாய் வழங்க ஆணையிடப்பெற்றது.

இத்தீர்ப்பின் இந்தப் பகுதியே பெரிதும் கற்பிக்கப்பெறுகின்றது. மற்றொரு பகுதியும் உண்டு. எவ்வளவு தகவலை மருத்துவர் சொல்ல வேண்டும் என்னும் வினாவில், நோயாளியின் தேவையை அளவாகக் கொள்ளும் அமெரிக்க முறையை நீதிமன்றம் ஏற்கவில்லை. தகுதியுடைய மருத்துவர்கள் ஏற்கும் அளவே போதும் என்னும் பழைய ஆங்கிலேய முறையைத் தழுவியது. அதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று, இந்திய நோயாளிகளுள் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவற்றவர்கள் அல்லது அரைகுறையாக அறிந்தவர்கள், மருத்துவச் சொற்களையும் கருத்துகளையும் புரிந்துகொள்ள இயலாதவர்கள் என்பது. பிரிட்டனின் உச்சநீதிமன்றமே 2015இல் மான்ட்கோமரி வழக்கில் அப்பழைய முறையைக் கைவிட்டு, நோயாளியின் பக்கம் சேர்ந்தது.

புரியாமை யாருடையது என்று இங்குக் கேட்க வேண்டியுள்ளது. ஒரு சொல் விளங்கவில்லை எனில், அதனைக் கேட்டவரின் குறையாகக் கொள்வது ஒரு முடிவு. சொன்னவரின் குறையாக, அல்லது அச்சொல்லை ஆக்கித் தந்தவரின் குறையாகக் கொள்வது மற்றொரு முடிவு. நெல்லின் வகைகளையும் மழையின் குறிகளையும் கடன்பத்திரத்தின் வட்டிக் கணக்கையும் துல்லியமாக அறிந்த ஒருவர், தம் கருப்பையை எடுப்பதற்கும் எடுக்காமல் மருந்துண்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியமாட்டார் என்பது நம்பத்தக்கதாக இல்லை. எழுத்தறிவின்மை மொழியறிவின்மை ஆகாது. ‘கைநாட்டு’ என்னும் சொல் பெருவிரல் பதிவையும் அதனைப் பதிப்பவரையும் ஒருசேரக் குறித்து, மனிதரையே ரேகையாகச் சுருக்கிவிடும் வழக்கை நாம் அறிவோம். சட்டத்தின் நடையிலும் அச்சுருக்கம் புகுந்துள்ளது.

அச்சுருக்கம் எதுவரை செல்லும் என்பதை அடுத்த ஆண்டே கம்மத்தில் காணலாயிற்று. அன்று ஆந்திரப் பிரதேசத்திலும் 2014 முதல் தெலங்கானாவிலும் உள்ள அம்மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான நுண்கிருமிக்கு எதிரான தடுப்பூசித் திட்டம் ஒன்று 2009இல் தொடங்கப்பெற்றது. பத்து முதல் பதினான்கு அகவை வரையுள்ள சிறுமியர்க்கு ஊசி போடப்பெற்றது. கம்மத்தில் அவர்களுள் பலர் பழங்குடியினர். அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பெற்றது. இடையில் நேர்ந்த ஏழு இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருப்பதாக அரசு அமைத்த விசாரணைக் குழு காணவில்லை என்பதை இங்குத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். அத்தடுப்பூசி பயனுடையது என்பதிலும் இன்று ஐயமில்லை. வினா அதுவன்று.

நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கை இசைவுப் படிவங்களைப் பற்றிக் கூறுவதே இங்கு வேண்டுவது. ஆந்திரத்தில் ஆராயப்பெற்ற 9,543 படிவங்களில் 1,948 பெருவிரல் பதிவு பெற்றவை. 2,763 விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டவை. பெற்றோர்க்கு மாற்றாக அவர்கள் கையொப்பமிடலாம் என மாநில நிருவாகமே அறிவுறுத்தியிருந்தது. படிவம் தாய்மொழியில் இருந்ததா என்று கேட்டால், தெலுங்கில் இருந்தது என்பதே விடை. ஆகவே மொழிபெயர்த்துவிட்டால் கடமை தீர்ந்தது எனக் கருதுவோர் இந்நிகழ்வை நோக்குதல் வேண்டும். தெலுங்கில் அச்சிட்ட தாள் பெற்றோரிடம் செல்லவே இல்லையெனில், அது எம்மொழியில் இருந்தால் என்ன?

இந்நிகழ்விலும் ஒரு சொல் பெரும்பங்கு ஏற்றிருந்தது. திட்டத்தை நடத்தியோர் அதனை ஆய்வு என்று கூறவில்லை. ‘செயல்விளக்கத் திட்டம்’ என்னும் பொருள்படும் தொடரால் வழங்கினர். ஆய்வு எனில் இசைவுக்கும் காப்பீட்டுக்கும் பின்தொடர் கண்காணிப்புக்கும் விதிகள் உண்டு. செயல்விளக்கம் எனில் அவை தளரும். நிலைக்குழு அப்பெயரை ஏற்கவில்லை. மருந்தாய்வு என்றே கொண்டது. பெயர் சூட்டுதல் இங்கு அணியன்று. கடமையிலிருந்து நழுவும் வழி. சொற்பொருள் ஆய்வில் பயின்ற ஒருவர் அறவியல் குழுவில் அமர்ந்திருந்தால், முதலில் கேட்டிருக்கக்கூடிய வினா ‘இதற்கு ஏன் இந்தப் பெயர்?’ என்பதே.

சொல் தெளிந்த பின்னும்

மொழியைச் சீர்செய்தால் அறம் நிறைந்துவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து மாதவ் கோயலும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர். கிடைத்தது சராசரி 1,070 டாலர். விற்றபின் குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். 79 விழுக்காட்டினர் பிறரை இவ்வாறு செய்யுமாறு தாம் கூறமாட்டோம் என்றனர். எதை விற்கிறோம் என்பது அவர்களுக்கு விளங்காமல் இல்லை. ‘கிட்னி’ என்னும் சொல் நகரின் குடிசைப் பகுதிகளில் நன்றாகவே விளங்கியது. விளங்கியும் இசைந்தனர் எனில், அவ்விசைவில் கடன்காரனின் குரலும் கலந்திருந்தது.

1994ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. நெருங்கிய உறவினர் அல்லாதார் ‘அன்பு அல்லது பற்றின் காரணமாக’ உறுப்பளிக்க விரும்பின், ஏற்பளிப்புக் குழுவின் இசைவோடு அளிக்கலாம் எனவும் இடம் தந்தது. அன்பு என்னும் சொல் சட்டத்தின் விதியொன்றில் நுழைந்து, குழுவின்முன் நிறுவப்பட வேண்டிய பொருளாயிற்று. தரகர்கள் அதனைப் படித்துக்கொண்டனர். முன்பின் அறியாதவர் ‘நெடுநாள் அன்பர்’ ஆகினர். கண்தான விழிப்புணர்வுக் கூட்டங்களில் கண்ணப்பரை எடுத்துக்காட்டுவோர் பலர். அவரை எவரும் கேட்கவில்லை, அவர் அன்புக்குச் சான்றிதழ் வேண்டப்படவும் இல்லை என்பதை அவர்கள் சொல்லுவதில்லை. புராணத்தின் அன்பும் விதியின் அன்பும் ஒரு சொல். ஒரு பொருள் அல்ல.

இன்னொரு தடையும் எண்ணத்தக்கது. ‘உங்களை நம்பித்தான் வந்திருக்கிறோம், நீங்களே பார்த்துச் செய்யுங்கள்’ என்று நோயாளியும் உறவினரும் கூறுவது நம்மிடை நாள்வழக்கு. இதனை இசைவு எனக் கொள்ளலாமா? மேலைக் கோட்பாட்டை அப்படியே பற்றுவோர், இது முடிவெடுக்கும் உரிமையைக் கைவிடுதல் என்பர். பண்பாட்டை முன்வைப்போர், இதுவே நம் இசைவு, குடும்பமே இங்கு முடிவெடுக்கும் அலகு என்பர். இரண்டும் அத்தொடரைச் சரியாகக் கேட்கவில்லை என்றே தோன்றுகின்றது. ‘பார்த்து’ என்னும் வினையெச்சம் ஒரு நிபந்தனையை உட்கொண்டுள்ளது. கடைக்காரரிடம் ‘பார்த்துப் போடுங்கள்’ என்பவர் விலையை அவர் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. தம் நிலையை எண்ணிப் பார்க்கக் கேட்கின்றார். மருத்துவரிடமும் அதுவே: என் நிலையை, என் குடும்பத்தை, என் கையிருப்பைப் பார்த்து. அது உரையாடலை முடிக்கும் சொல்லன்று, தொடங்கும் சொல். மருத்துவர் அதனை முடிவாகக் கேட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவதே தவறு. மேற்காட்டிய 2008ஆம் ஆண்டு வழக்கில் தாயின் சொல்லை மகளின் சொல்லாகக் கொண்டதும் இத்தகைய அவசரமே.

பாடத்தாளும் குழுவும்

2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அறவியல் குழுவில் மருத்துவர், சட்ட அறிஞர், சமூகவியலரோ மெய்யியலரோ ஒருவர், பொதுமக்களுள் ஒருவர் எனப் பலரையும் அமர்த்தச் சொல்கின்றன. அவ்வட்டார மொழியை அறிந்திருத்தல் என்னும் தகுதி அவற்றுள் யாருக்கு வைக்கப்பட்டுள்ளது என நோக்கினால், துறையறிவு இல்லாத அந்தப் பொதுமகனுக்கே. மருந்தியலுக்கு வல்லுநர் வேண்டும். சட்டத்திற்கு வல்லுநர் வேண்டும். மொழிக்கு மட்டும் அதனைப் பேசத் தெரிந்தால் போதும் என்பது அதன் உட்கிடை. படிவத்தைப் பெயர்த்தபின் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிடும் முறையும் நடைமுறையில் உண்டு. ‘போலி மருந்து’ மீண்டும் ஆங்கிலத்தில் பிழையின்றித் திரும்பி வந்துவிடும். பெயர்ப்பவர் இருவரும் படித்தவர்கள். இடையில் நோயாளி கேட்டது என்ன என்பதை அம்முறை காட்டாது.

ஆகவே உயிரறவியல் முதுநிலைப் படிப்பில் மொழிபெயர்ப்பும் சொற்பொருளும் ஒரு விருப்பப்பாடமாகவேனும் இடம்பெறுதல் வேண்டும். தமிழ் முதுகலையில் கலைச்சொல்லாக்கம் பயில்வோர் ஒரு பருவமேனும் மருத்துவமனைப் படிவங்களைக் களமாகக் கொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டிற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் தமிழ் மட்டுமே அறிந்த முதியோர் மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். பேரப்பிள்ளைகளே அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். பாட்டிக்குப் புற்றுநோய் என்பதைப் பதினைந்து வயதுப் பேத்தி எந்தச் சொல்லால் சொல்வாள், எதைச் சொல்லாது விடுவாள் என்பது ஆய்வுக்குரியது. மறுதலையாக, வேலூரில் வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்குத் தமிழே அயன்மொழி.

முடிவாகாத சொல் ஒன்று எஞ்சியுள்ளது. சிறார் ஆய்வில் ஈடுபடும்போது பெற்றோரின் இசைவோடு சிறாரின் உடன்பாட்டையும் பெற வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு நெறி: ஏழு முதல் பன்னிரண்டு அகவை வரை வாய்மொழியாக, அதற்குமேல் பதினெட்டு வரை எழுத்தாக. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உள. தமிழில் இரண்டையும் ‘ஒப்புதல்’ என்றே எழுதிவிட்டால், பெற்றோர் கையொப்பமிட்டவுடன் சிறாரைக் கேட்கும் தேவை மறைந்துவிடும். ‘உடன்பாடு’ என்னும் சொல்லைச் சிறார்க்கு ஒதுக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் முன்மொழிவு. இலக்கணத்தில் உடன்பாட்டிற்கு எதிர்மறை இணை. சிறாரின் மறுப்பும் மதிக்கப்பட வேண்டும் என்பதை அச்சொல் தன் இணையால் நினைவூட்டும். கம்மத்து விடுதியின் பத்து வயதுச் சிறுமிக்கு இவ்விளக்கம் பயன்படாது என்பதும் மெய்யே. அவளிடம் அவள் மொழியில், ‘உனக்குச் சரியா? வேண்டாம் என்றாலும் சொல்லலாம்’ என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். படிவத்தின் தலைப்பில் எச்சொல் நின்றாலும், இவற்றுள் இரண்டாவது தொடர் படிவத்தினுள் அச்சாகியிருக்கின்றதா என்று அறவியல் குழு பார்த்தாக வேண்டும்.